மேகத்துக்குள் ஒரு கேசினோ: கெந்திங் மலையின் கதை

மலேசியா டூர் என்றால் நம்ம ஊர் ஆட்களுக்கு மூன்று விஷயம் கட்டாயம். இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் ஒரு போட்டோ, பத்துமலை முருகனுக்கு ஒரு கும்பிடு, அப்புறம் ஜென்டிங் ஹைலேண்ட்ஸ். பல பேக்கேஜ்களில் கடைசி இரண்டும் ஒரே நாளில் வரும். காலையில் 272 படி ஏறி முருகனைப் பார்த்துவிட்டு, மதியம் கேபிள் காரில் ஏறி, மலேசியாவில் சட்டப்படி நடக்கும் ஒரே கேசினோ இருக்கும் மலைக்குப் போய்விடுவார்கள். பக்தியும் சூதும் ஒரே பஸ்ஸில்! :-)

நம்ம ஊர் டிராவல்ஸ்காரர்கள் 'ஜென்டிங்' என்பார்கள். மலேசியத் தமிழர்கள் 'கெந்திங் மலை' என்பார்கள். அவர்கள் ஊர், அவர்கள் சொல்வதே சரியாக இருக்கட்டும். மலாய் மொழியில் அந்தச் சொல்லுக்குக் கணவாய், குறுகலான இடம் என்று பொருள்.

நான் பி.காம். மாணவன். வரலாறு என் பாடம் இல்லை. ஆனால் இந்த ஹோட்டலின் வரலாற்றை ஒரு கணக்குப் புத்தகம் மாதிரி பிரித்துப் பார்க்கலாம். முதல் போட்டது யார், சொத்து எது, வருமானம் எங்கிருந்து, நஷ்டம் யார் தலையில் என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினால், கடைசியில் நம் ஊருக்கும் நம் கையில் இருக்கும் செல்போனுக்கும் வந்து சேர்கிறது. கொஞ்சம் நீளமான கட்டுரைதான். பொறுமையாகப் படியுங்கள்.

விதை விற்ற பையன்

கதாநாயகன் பெயர் லிம் கோ தோங். 1918இல் சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் ஆன்சி என்ற இடத்தில் பிறந்தவர். அப்பா காய்கறி விதை வியாபாரி. அப்பா இறந்ததும் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு விதை விற்கப் போனார். 1937இல் பிழைப்புத் தேடி மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே சித்தப்பா முறை உறவினர் ஒருவரிடம் தச்சு வேலை, கட்டட வேலை.

அந்தக் காலத்தில் மலாயாவுக்குப் போனவர்கள் சீனர்கள் மட்டும் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ரப்பர் தோட்டங்களுக்கு நம் ஆட்கள் கப்பல் கப்பலாகப் போனார்கள். லிம் போய்ச் சேர்ந்த அடுத்த வருஷம், 1938இல், தோட்டக் கூலி வேலைக்கு அப்படி ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. ஒரே துறைமுகத்தில் இறங்கியவர்களில் ஒரு பக்கம் பால் மரம் சீவப் போனது, இன்னொரு பக்கம் நகரத்தில் கடையும் காண்டிராக்டும் பிடித்தது. இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

ஜப்பான்காரன் ஆட்சிக் காலத்தில் லிம் காய்கறி பயிரிட்டார், பழைய இரும்பு வாங்கி விற்றார். யுத்தம் முடிந்ததும் அங்கங்கே கிடந்த பழைய கனரக இயந்திரங்களை வாங்கி, சரி பண்ணி விற்றார். மற்றவர்கள் காயலான் கடைச் சரக்கு என்று பார்த்ததை அவர் மூலதனமாகப் பார்த்தார். இரும்புச் சுரங்கம், பிறகு கட்டுமான காண்டிராக்ட். பினாங்கில் 1962இல் முடிந்த ஆயர் ஈத்தாம் அணை அவர் நிறுவனம் கட்டியதுதான். மலை, மண், பாறை, டைனமைட் இவையெல்லாம் அவருக்குப் பழகிய சரக்கு. அடுத்து வரும் கதைக்கு இந்தத் தகுதிதான் அடிப்படை.

ஒரு மலை, ஒரு சாலை

1964 வாக்கில் கேமரன் மலையில் ஒரு நீர்மின் திட்ட வேலை. ஒரு சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்தக் குளிர்ந்த காற்று அவரை யோசிக்க வைத்தது என்பார்கள். கோலாலம்பூரில் வருஷம் பூரா வெயில், புழுக்கம். பணம் சேரச் சேர ஜனங்கள் குளிர்ச்சியான இடம் தேடுவார்கள். கேமரன் மலை நல்ல இடம்தான், ஆனால் தூரம். அப்படியானால் தலைநகரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மலையைப் பிடித்தால் என்ன?

வரைபடத்தை விரித்துத் தேடியதில் கிடைத்தது ஊலு காலி மலை. உயரம் சுமார் 1,800 மீட்டர். ஏற்காட்டை விட உயரம், ஊட்டியை விடக் குறைவு. கோலாலம்பூரிலிருந்து 58 கிலோமீட்டர். நம் கணக்கில் தாம்பரத்திலிருந்து ஏறக்குறைய மதுராந்தகம் போகிற தூரம். மதுராந்தகத்தில் ஒரு கொடைக்கானல் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதுதான் அவருடைய ஐடியா.

ஒரே ஒரு சின்னப் பிரச்சினை. அந்த மலைக்கு ரோடு இல்லை. தண்ணீர் இல்லை, கரண்டு இல்லை. முழுக்க மழைக்காடு.

1965 ஏப்ரல் 27 அன்று கம்பெனி ஆரம்பிக்கப்பட்டது. பங்காளி முகமது நோவா ஓமார். இவர் சாதாரண ஆள் இல்லை. மலாயா நாடாளுமன்ற மக்களவையின் முதல் சபாநாயகர். இவருடைய இரண்டு மருமகன்கள் பின்னாளில் பிரதமர் ஆனார்கள்: அப்துல் ரசாக், ஹுசைன் ஓன். சீன முதலாளியின் உழைப்பும் மலாய் அரசியல் குடும்பத்தின் செல்வாக்கும் ஒரே கம்பெனியில் சேர்ந்தன. மலேசியப் பொருளாதாரத்தில் அப்புறம் நிறையப் பார்க்கப்போகிற கூட்டணி இது.

நிலம் இரண்டு மாநிலங்களில் கிடைத்தது. பஹாங்கில் 12,000 ஏக்கர், சிலாங்கூரில் 2,800 ஏக்கர். மொத்தம் 14,800. நம் வண்டலூர் உயிரியல் பூங்கா சுமார் 1,490 ஏக்கர். அப்படியானால் பத்து வண்டலூர்!

1965 ஆகஸ்டில் சாலை வேலை தொடங்கி, முடிய நான்கு வருஷம் ஆனது. அரசாங்கம் போட்ட ரோடு இல்லை. சொந்தப் பணம். இருந்த சேமிப்பை எல்லாம் அதில் கொட்டினார். எங்கள் பாடத்தில் 'அமிழ்ந்த செலவு' என்று ஒன்று வரும். ஒரு முறை போட்டால் திரும்ப எடுக்க முடியாத பணம். பாதி மலை வரைக்கும் போட்ட ரோட்டை விற்க முடியாது, அடமானம் வைத்தாலும் யாரும் வாங்கமாட்டார்கள். ஒன்று மேலே போய்ச் சேர வேண்டும், இல்லை எல்லாம் போச்சு. இந்த ஹோட்டலின் வரலாற்றில் நடந்த நிஜமான சூதாட்டம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிறகு அந்தக் கம்பெனிக்கு அவ்வளவு பெரிய ஆபத்து எந்த மேஜையிலும் வரவில்லை.

துங்கு கொடுத்த காகிதம்

1969 மார்ச் 31. சாலை முடிந்து, ஹோட்டலுக்கு அடிக்கல் நாட்டு விழா. வந்தவர் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். அரசாங்க உதவி இல்லாமல் ஒரு தனியார் கம்பெனி இவ்வளவு தூரம் செய்திருக்கிறதே என்று அவர் மகிழ்ந்து போனார். இந்த இடம் சீக்கிரம் வளர ஒரு கேசினோ உரிமம் உதவும் என்ற யோசனையும் அவர் பக்கத்திலிருந்தே வந்தது என்று கம்பெனி தன் வரலாற்றில் சொல்லிக்கொள்கிறது. அந்த வருஷமே உரிமம் கிடைத்தது.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. மலேசியாவின் அரசியல் சட்டப்படி இஸ்லாம் கூட்டாட்சியின் மதம். இஸ்லாத்தில் சூது விலக்கப்பட்டது. அப்படிப்பட்ட நாட்டில் கேசினோ எப்படி? பதில்: முஸ்லிம்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. 21 வயது நிரம்பாதவர்களுக்கும் இல்லை. மலைமேல், ஊரைவிட்டுத் தள்ளி, பாதி ஜனத்தொகைக்கு மேல் கதவைச் சாத்திவிட்டுத்தான் அந்தக் கேசினோ திறந்தது.

அடிக்கல் நாட்டி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. 1969 மே 13 அன்று கோலாலம்பூரில் இனக் கலவரம் வெடித்தது. அவசர நிலை வந்தது. அடுத்த வருஷம் துங்கு பதவி விலகினார். சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இடையில் நாடே பிளந்து நின்ற அந்த நேரத்தில் மலைமேல் ஹோட்டல் வேலை தொடர்ந்தது. புதிய பிரதமர் யார்? அப்துல் ரசாக். பங்காளியின் மருமகன்.

1971 மே 8 அன்று ஹைலேண்ட்ஸ் ஹோட்டல் திறந்தது. சுமார் 200 அறைகள். பின்னாளில் இதற்குத் தீம் பார்க் ஹோட்டல் என்று பெயர் மாறியது. அதே 1971இல் கம்பெனி பங்குச் சந்தைக்கும் வந்தது. 1978இல் கெந்திங் பெர்ஹாட் என்று பெயர் வைத்துக்கொண்டது.

இங்கே ஒரு நிமிஷம் நின்று ஒரு கேள்வி. இந்தக் கம்பெனியின் முக்கியமான சொத்து எது? 14,800 ஏக்கரா, ரோடா, ஹோட்டலா? என் பதில், அந்த உரிமக் காகிதம். மலையைப் போல மலைகள் உண்டு. ரோடு யாரும் போடலாம். ஆனால் இரண்டாவது கேசினோவுக்கு மலேசியாவில் உரிமம் தரவே இல்லை. 50 வருஷத்துக்கு மேல் ஒரே கடை. அதே நேரத்தில், அந்தக் காகிதம் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. குறுகிய காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், மனது வைத்தால் விலையும் ஏற்றலாம். 2018 நவம்பரில் வந்த பட்ஜெட்டில் உரிமக் கட்டணம் வருஷத்துக்கு 12 கோடி ரிங்கிட்டிலிருந்து 15 கோடியாகவும், கேசினோ வரி மொத்த வசூலில் 35 சதவீதம் வரைக்கும் போனது. பங்கு விலை தடாலென்று விழுந்தது. ஏகபோகம் என்பது இனாம் இல்லை, அரசாங்கத்தோடு போட்டுக்கொள்ளும் கூட்டு வியாபாரம். சூதாட்டத்தை எதிர்த்துப் பேசும் அரசும் அந்த வசூலில் பங்குதாரர்தான்.

சக்கரத்தின் கணக்கு

கேசினோ எப்படிச் சம்பாதிக்கிறது என்று சினிமா பார்த்தால் புரியாது. சினிமாவில் ஹீரோ ஜெயிப்பார், முதலாளி முகம் தொங்கிப்போகும். நிஜக் கணக்கு ரொம்பச் சாதாரணம், பிளஸ் டூ கணக்கே போதும்.

ரூலெட் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். 0 முதல் 36 வரை 37 எண்கள். 37 பேர் ஆளுக்கு ஒரு எண்ணில் 100 ரூபாய் வைக்கிறார்கள். மேஜையில் மொத்தம் 3,700 ரூபாய். பந்து ஏதாவது ஒரு எண்ணில் விழத்தான் வேண்டும். ஜெயித்தவருக்கு 35 மடங்கு, அதாவது 3,500. அவர் வைத்த 100 திரும்ப வரும். ஆக 3,600. மீதி 100 ரூபாய் கேசினோவுக்கு. யார் ஜெயித்தாலும் அந்த 100 கேசினோவுக்குத்தான். சதவீதக் கணக்கில் 2.7. சில இடங்களில் சக்கரத்தில் இன்னொரு பூஜ்யம் சேர்த்திருப்பார்கள். அப்போது அது 5.26 ஆகிவிடும். ஒரே ஒரு பூஜ்யம், லாபம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

'2.7 சதவீதம்தானே, நம்ம ஊர் வட்டிக்காரனை விடப் பரவாயில்லையே' என்று தோன்றலாம். அங்கேதான் பொறி. அது ஒரு சுற்றுக்கு. ஒருவர் 1,000 ரூபாயோடு உட்கார்ந்து, ஜெயித்ததையும் மறுபடி போட்டு, நூறு நூறாக 370 சுற்று ஆடினால், சராசரியாக முழு ஆயிரமும் போயிருக்கும். அதனால் கேசினோவுக்கு நீங்கள் தோற்க வேண்டிய அவசியம் இல்லை, நீங்கள் எழுந்து போகாமல் இருந்தால் போதும். உலகம் பூரா கேசினோக்களில் கடிகாரம், ஜன்னல் இரண்டையும் தேடித்தான் பார்க்க வேண்டும் என்பதற்கும், அறை வாடகையும் சாப்பாடும் சில நேரம் மலிவாகவும் இனாமாகவும் வருவதற்கும் காரணம் இதுதான்.

இந்தக் கண்ணில் பார்த்தால் கெந்திங் மலையின் இடமே ஒரு பெரிய வசதி. மேகம் மூடிய மலை. இறங்கிப்போக ஒரு மணி நேரம். அறை இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, குழந்தைகளுக்கு ராட்டினம் இருக்கிறது. எழுந்து போக என்ன அவசரம்?

200 அறையிலிருந்து 7,351

அப்புறம் வளர்ச்சிதான். 1980இல் ரப்பர், எண்ணெய்ப்பனைத் தோட்டத் தொழிலுக்குள் நுழைந்தார்கள். முன்பு ஒரு பிரிவு சொன்னேனே, அது இங்கே மறுபடி சந்திக்கிறது. நகரத்துப் பக்கம் போனவரின் கம்பெனி, தோட்டத்துப் பக்கம் போனவர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தது போன்ற தோட்டங்களை வாங்குகிறது. கேசினோவின் ரொக்கம் ரப்பர் காடாகிறது. அதே எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மலேசியத் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும், ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் நகர ஓரங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. இதற்கு இந்த ஒரு கம்பெனி காரணம் என்று சொல்ல வரவில்லை. இரண்டு வரலாறும் ஒரே மண்ணில் ஓடியவை என்பதற்காகச் சொன்னேன்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பீகுவாட் பழங்குடி மக்கள் கேசினோ கட்ட நினைத்தபோது உள்ளூர் வங்கிகள் கை விரித்தன. கடன் கொடுத்தவர் லிம் கோ தோங். 1992இல் திறந்த அந்த ஃபாக்ஸ்வுட்ஸ் உலகின் பெரிய கேசினோக்களில் ஒன்றாக வளர்ந்தது. 1993இல் கப்பல் கம்பெனி. 1997இல் மலைக்கு 3.38 கிலோமீட்டர் கேபிள் கார். பிறகு, நம் டூர் கோஷ்டிகள் அதிகம் தங்கும் ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டல். 2006இல் 6,118 அறைகளோடு உலகிலேயே அதிக அறை கொண்ட ஹோட்டல் என்று கின்னஸில் ஏறியது. 2015இல் புதிய கோபுரம் சேர்ந்து 7,351 ஆனது. ஒரு நாளைக்கு ஒரு அறை என்று மாற்றி மாற்றித் தங்கினால், எல்லா அறையையும் பார்த்து முடிக்க 20 வருஷம் ஆகும். :-)

லிம் 2003 கடைசியில் பொறுப்பை மகன் லிம் கோக் தாயிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். 2007 அக்டோபர் 23 அன்று 89 வயதில் இறந்தார். அந்த மலையில் அவர் கட்டிய இன்னொன்று சின் சுவீ கோயில். கேபிள் கார் நடுவில் நிற்கும் இடம். கேசினோ கட்டியவர் கோயிலும் கட்டுவது நமக்குப் புதிதில்லை, நம் ஊரிலும் கந்துவட்டிக்காரர்கள் கும்பாபிஷேகம் நடத்துவார்கள்.

எல்லாம் ஏறுமுகம் என்று எழுதினால் அது விளம்பரம் ஆகிவிடும். 2020 மார்ச்சில் கொரோனா வந்து மலையையே மூடினார்கள். கப்பல் பக்கத்துக் கம்பெனி கடனில் மூழ்கி 2022 ஜனவரியில் கலைப்பு மனுவோடு நீதிமன்றம் போனது. ஒரு ஹாலிவுட் ஸ்டுடியோவோடு சேர்ந்து கட்டிய தீம் பார்க் வழக்கில் சிக்கி, பெயரை மாற்றிக்கொண்டு 2022 பிப்ரவரியில்தான் திறந்தது.

மலையும் ஒரு விலை கேட்டது. 1995 ஜூன் 30 அன்று கெந்திங் போகும் இணைப்புச் சாலையில் மண் சரிந்து 20 பேர் செத்தார்கள். 2013 ஆகஸ்ட் 21 அன்று மலையிலிருந்து இறங்கிய பஸ் பள்ளத்தில் விழுந்து 37 பேர். 2022 டிசம்பர் 16 அன்று கெந்திங்குக்குப் போகும் பத்தாங் காலி சாலையோரம் ஒரு முகாம் மைதானத்தில் நிலச்சரிவு, 31 பேர். இவை கேசினோவின் குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் செங்குத்தான மழைக்காட்டு மலைக்கு லட்சக்கணக்கில் ஜனங்களை ஏற்றி இறக்கும் எந்த ஊரும், ஊட்டியோ மூணாறோ, படிக்க வேண்டிய பக்கம் இது.

சிங்கப்பூர் போட்ட பூட்டு

பக்கத்து வீட்டில் இத்தனை வருமானம் கொட்டுவதைச் சிங்கப்பூர் பார்த்துக்கொண்டே இருந்தது. லீ குவான் யூ கேசினோவைப் பல வருஷம் பிடிவாதமாக எதிர்த்தவர். அவர் மகன் லீ சியன் லூங் பிரதமராக இருந்தபோது, 2005 ஏப்ரல் 18 அன்று, நாடாளுமன்றத்தில் இரண்டு கேசினோ விடுதிகளுக்கு அனுமதி அறிவித்தார். மதத் தலைவர்களும் பொதுமக்களும் எதிர்த்துக் கையெழுத்து வாங்கினார்கள். ஆனாலும் நடந்தது. ஒன்று மூன்று கோபுரத்துக்கு மேல் கப்பல் வைத்த மாதிரி நிற்கும் மரினா பே சாண்ட்ஸ், 2010 ஏப்ரல். அதற்கு முன்பே, 2010 பிப்ரவரியில், செந்தோசாவில் முதல் கேசினோவைத் திறந்தது யார்? நம் கெந்திங்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது கட்டடத்தை இல்லை, கதவை. வெளிநாட்டுக்காரர் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு இலவசமாக உள்ளே போகலாம். சிங்கப்பூர் குடிமகனும் நிரந்தரவாசியும் நுழையவே ஒரு நாளைக்கு 100 வெள்ளி கட்ட வேண்டும். 2019 ஏப்ரலில் அது 150 வெள்ளி ஆனது. தோற்றாலும் ஜெயித்தாலும் திரும்பக் கிடைக்காது. அது போக, 'என்னை உள்ளே விடாதீர்கள்' என்று ஒருவர் தானே எழுதிக் கொடுக்கலாம். அவர் குடும்பத்தார் விண்ணப்பித்தும் தடை வாங்கலாம். அதாவது அரசாங்கம் சொல்வது: ஊரான் வந்து தோற்கட்டும், எங்கள் வீட்டுப் பிள்ளை வாசலிலேயே யோசிக்கட்டும். கொஞ்சம் சுயநலம்தான். ஆனால் எவ்வளவு தெளிவான சுயநலம்!

கெந்திங்கில் தடை மலை. செந்தோசாவில் தடை கட்டணம். இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. மனிதனுக்கும் மேஜைக்கும் நடுவில் கொஞ்சம் தூரம் வைக்கின்றன.

நம் பக்கம் என்ன கதை?

இந்தியாவில் கேசினோ என்றால் கோவாவும் சிக்கிமும்தான் முக்கியமாக. கொழும்பில் 2025 ஆகஸ்டில் ஒரு பெரிய ஹோட்டல் வளாகத்தில் கேசினோ திறந்தது. சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம். அவர்கள் யாரை எதிர்பார்த்துக் கட்டியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

தமிழ்நாட்டில் கேசினோ இல்லை. ஆனால் நாம் சூதே அறியாத புண்ணியவான்கள் என்று நினைக்க வேண்டாம். 1968இல் அண்ணா ஆட்சியில் அரசே பரிசுச்சீட்டு நடத்தியது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்பது அப்போதைய வாசகம். 2003 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சியில் லாட்டரி தடை செய்யப்பட்டது. தினக்கூலியை அப்படியே சீட்டுக் கடையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வெறுங்கையோடு போனவர்களைப் பற்றி, அந்தக் காலத்தைப் பார்த்த எந்தப் பெரியவரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்.

நாம் தினமும் மின்சார ரயிலில் கடக்கும் கிண்டியையே எடுங்கள். ரேஸ் கிளப்புக்கு 1946இல் சுமார் 160 ஏக்கர், 99 வருஷக் குத்தகை, வருஷ வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். 1974இல் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996இல் தீர்ப்பு வந்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து இடத்துக்குச் சீல் வைத்தது. கெந்திங் கதையில் பார்த்த அதே பாடம் இங்கேயும்: இந்தத் தொழிலில் நிலத்தை விடக் காகிதம்தான் சொத்து.

ஆனால் உண்மையான கேசினோ எப்போதோ நம் சட்டைப் பைக்கு வந்துவிட்டது. ஆன்லைன் ரம்மி. என் வகுப்பிலேயே ஒருவன் செமஸ்டர் ஃபீஸை ஒரே இரவில் ஒரு ஆப்பில் விட்டுவிட்டு, மூன்று நாள் கல்லூரிப் பக்கமே வரவில்லை. நல்லவேளை, அவன் மாமா சமாளித்தார். எல்லாருக்கும் மாமா இருப்பதில்லை. கடனாகித் தற்கொலை வரை போன செய்திகளைத் தமிழ்நாடு வரிசையாகப் பார்த்தது. 2021இல் வந்த சட்டத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022இல் மறுபடி மசோதா, 2023 மார்ச்சில் ஆளுநர் திருப்பி அனுப்பினார், சட்டசபை மீண்டும் நிறைவேற்றி ஏப்ரலில் சட்டமானது. அந்த நவம்பரில் ரம்மி, போக்கர் தடையை உயர் நீதிமன்றம் நீக்கியது. 2025இல் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது, ஆதார் வேண்டும் என்ற விதிகள் வந்தன. கடைசியில் 2025 ஆகஸ்டில் மத்திய அரசே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் போட்டது.

அந்த நள்ளிரவு விதியைக் கவனியுங்கள். அது வேறொன்றும் இல்லை, செல்போனுக்குள் ஒரு கெந்திங் மலையை வைக்கும் முயற்சி. எழுந்து போக ஒரு இடைவெளி. சட்டம் எவ்வளவு போட்டாலும் வெளிநாட்டு சர்வரிலிருந்து புதுப் பெயரில் ஆப்புகள் முளைத்துக்கொண்டுதான் இருக்கும். அவற்றுக்கு மலையும் இல்லை, வாசலும் இல்லை, 150 வெள்ளியும் இல்லை. இரவு இரண்டு மணிக்குப் படுக்கையில் படுத்தபடியே 370 சுற்று ஆடி முடிக்கலாம்.

அப்படியானால் தமிழ்நாட்டிலும் ஒரு கேசினோ ஹோட்டல் வரலாமா? 'சுற்றுலா வளரும், வேலை வரும், வரி வரும், எப்படியும் ஆடத்தானே போகிறார்கள், கோவாவுக்கும் கொழும்புக்கும் போகும் காசு இங்கேயே இருக்கட்டும்' என்று ஒரு வாதம் உண்டு. இது முட்டாள்தனமான வாதம் இல்லை. கெந்திங் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்தது, காட்டில் ஒரு ஊரை உண்டாக்கியது, அதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு கணக்கை மறந்துவிடக்கூடாது. மேஜையில் புதுப் பணம் எதுவும் உற்பத்தி ஆவதில்லை. தோற்றவர் பணம்தான் சம்பளம், வரி, லாபம் எல்லாம். தோற்பவர் வெளியூர்க்காரர் என்றால் அது ஏற்றுமதி. தோற்பவர் பல்லாவரத்துக்காரரும் ஊரப்பாக்கத்துக்காரரும் என்றால், ஒரு வீட்டின் அரிசிப் பானையிலிருந்து எடுத்து அரசாங்க கஜானாவுக்கும் கம்பெனிக்கும் மாற்றுவது மட்டும்தான். சிங்கப்பூர் அளவுக்குக் கறாராக வாசலில் நிற்க நம்மால் முடியுமா? டாஸ்மாக்கில் 21 வயது விதி எப்படி நடக்கிறது என்று பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். அதனால் என் ஓட்டு 'வேண்டாம்'.

திருக்குறளில் 'சூது' என்று தனி அதிகாரமே இருக்கிறது, 94ஆவது. பத்தாம் வகுப்பில் மனப்பாடம் பண்ணி மறந்தவர்கள் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், கூடவே ரூலெட்டின் அந்த 37 எண் கணக்கையும் போட்டுப் பாருங்கள். அவர் அனுபவத்தில் சொன்னதும் சக்கரம் கணக்கில் சொல்வதும் ஒன்றுதான்.

மலேசியா போகிறவர்கள் தாராளமாகக் கெந்திங் போய்வாருங்கள். குளிர் நன்றாக இருக்குமாம், கேபிள் காரில் மேகத்துக்குள் நுழைவது அருமை என்கிறார்கள். போகும்போது அந்த ரோட்டை மட்டும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அந்த மலையில் ஒரு மனிதன் தன் சொந்தப் பணத்தை வைத்து நிஜமாகவே ஆடி ஜெயித்தது அந்த ரோட்டில்தான். மேலே கட்டடத்துக்குள் நடப்பதில் ஜெயிப்பவர் யார் என்று 1971லேயே முடிவாகிவிட்டது.

உங்கள் கருத்து வேறாக இருந்தால் சொல்லுங்கள், சண்டை போடலாம். பந்தயம் மட்டும் வேண்டாம். :-)